கங்கைத்துறையில் அவிழ்த்த சங்கிலி

உ
சிவமயம்

நெதர்பர்ன் தோட்டம்,
லுணுகலை.
2.7.1969

அன்பின் தாஸிம் நானாவுக்கு,

நலம். நீங்களும் உங்கள் மனைவி, தங்கச்சி றஷீனாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன போயா லீவுக்கு உங்கள் புடவைக்கடையில் பிளேன்டி குடித்துக்கொண்டு பேசினோமே, திருகோணமலைப் பயணம், அதை நான் பேச்சோடு விடவில்லை. கிளாக்கர் புத்தி அப்படி. வீட்டுக்கு வந்ததும் வரைபடத்தை விரித்துவிட்டேன்.

வாழைச்சேனை வரைக்கும் ஒரே றோட்டு. அங்கே இரண்டாகப் பிரிகிறது. பொலநறுவை, ஹபரணை சுற்றிப் போனால் ஒரு ஆறும் குறுக்கே வராது, நித்திரைதான் வரும். மற்றது கடற்கரையோரம். அதில் வெருகலிலிருந்து கிண்ணியா வரைக்கும் நாலு இடத்தில் உங்கள் வான் வண்டியைப் பாதையில் ஏற்றிக் கடக்க வேண்டும். வாகனம் ஏற்றுகிற மிதவையை அந்தப் பக்கத்தில் பாதை என்கிறார்கள். தங்கச்சியின் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் கிண்ணியா, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மட்டக்களப்பில் எனக்குத் தெரிந்த றோட்டு ஓவசியர் ஒருவருக்கு எழுதி விசாரித்தேன். வெருகலில் கயிறு பிடித்து இழுக்கிற பாதை, ஒரு தடவைக்கு ஒரு வாகனம். இறால்குழியும் உப்பாறும் சின்னவை. அவற்றுக்கு நடுவில் வருகிற கங்கைத்துறைதான் பெரியது, அங்கே காத்திருக்க நேரிடும். எல்லாம் மாலை ஆறோடு நின்றுவிடும். ஆகவே முதல்நாள் பின்னேரம் வெருகலைக் கடந்து கோயிலடியில் வானிலேயே படுப்போம். என் மனைவி கமலாம்பிகைக்கு வெருகல் முருகனைக் கும்பிட வேண்டும். மற்ற மூன்றையும் அடுத்தநாள் ஆறுதலாகக் கடந்து, பொழுதுபடக் கிண்ணியாவில் உங்கள் சகலன் மஹ்ரூப் வீடு.

இனித்தான் கேட்க வந்த விஷயம். எங்கள் நாய் மேஜரையும் வானில் கூட்டிவரலாமா? தோட்டத்தின் பழைய துரை இங்கிலாந்துக்குப் போகும்போது அதன் சங்கிலியை என் கையில் தந்துவிட்டுப் போனார். பதின்மூன்று வருஷம் அவர் முன்னால் பைலோடு நின்ற எனக்கு அவர் தந்த ஒரே பொருள் அது. நாலு நாள் விட்டுவிட்டு வந்தால் பட்டினி கிடக்கும். இங்கிலீஷ் தவிர ஒன்றும் விளங்காது. எங்கள் வாசல் கூட்டுகிற கருப்பம்மா "வாடா ராசா" என்றால் அவளை மேலும் கீழும் பார்க்கும். நான் "கம்" என்றால் வரும்.

நாயைப் பற்றி உங்கள் மார்க்கத்தில் உள்ளது எனக்குத் தெரியும். முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள். ஒரு குறையும் நினைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
க. குமாரசிங்கம்


786

பஜார் வீதி,
பதுளை.
8.7.1969

அன்புள்ள பெரிய கிளாக்கர் ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்து முடிக்க எனக்கு இரண்டு பிளேன்டி தேவைப்பட்டது. அந்தப் பாதைகளைக் கட்டிய அரசாங்கம்கூட அவற்றைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்காது. நீங்கள் சொன்னபடியே கரையோரம் போவோம். எனக்கும் பாதையில் வானை ஏற்றிப் பார்க்க ஆசைதான். தோட்டம் தோட்டமாகப் புடவைப் பொதி சுமந்து சலித்த வான், ஒரு தடவை கடல்காற்றைக் குடிக்கட்டும். உள்ளே பலகை அடித்து மெத்தை போட்டாயிற்று. பெண்கள் வானில், நாம் வெளியே பாயில். றஷீனா யன்னலுக்குத் திரை தைக்கிறாள்.

மேஜர் தாராளமாக வரட்டும். பார்த்தால் எங்களுக்கு ஒன்றும் ஆகாது ஐயா. எச்சில் பட்டால்தான் கழுவ வேண்டும், ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் சேர்த்து. நீங்களோ வழிநெடுக ஆறாக வைத்திருக்கிறீர்கள், தண்ணீருக்கா பஞ்சம்? பின்னால் பொதி கட்டுகிற இரும்பு வளையம் இருக்கிறது, அதில் சங்கிலியை மாட்டிவிடலாம். றஷீனாவுக்கும் சம்மதம். இதற்கெல்லாமா தயங்குவது?

ஓகஸ்ட் பதினாலாம் திகதி விடிய லுணுகலைச் சந்தியில் நில்லுங்கள்.

அன்புடன்,
தாஸிம்


உ
சிவமயம்

லுணுகலை.
28.8.1969

திரு. தாஸிம் அவர்களுக்கு,

உங்கள் மண்ணெண்ணெய் அடுப்பையும் இரண்டு தலையணை உறைகளையும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். உங்களுடைய பொருள் எதுவும் இனி என் வீட்டில் இல்லை.

என்னுடைய பொருளில் சங்கிலி மட்டும் என்னிடம் இருக்கிறது. கொக்கி உடையவில்லை, வளையவும் இல்லை. வெருகலில் காலையில் மேஜரை வளையத்தில் கட்டியது நான். கிண்ணியாவில் உங்கள் சகலன் வாசலில் பின்கதவைத் திறந்தபோது நாய் இல்லை; சங்கிலி மடித்து ஒரு ஓரமாக வைத்திருந்தது. நாய் சங்கிலியை அவிழ்த்து மடித்து வைக்குமா? இடையில் மூன்று பாதை. மூன்றிலும் நாங்கள் இறங்கிக் கரையில் நின்றோம். வானோடு நின்றவர் நீங்கள் ஒருவர்தான்.

விருப்பமில்லை என்றால் ஜூலை மாதமே எழுதியிருக்கலாம். நான் அதற்கு இடம் வைத்துத்தான் கேட்டேன். தலையை ஆட்டிக் கூட்டிக்கொண்டு போய், வாய் பேசாத ஜீவனைக் காட்டில் இறக்கிவிட்டது எந்த மார்க்கத்தில் உள்ளது?

முந்தாநாள் துரையிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. மேஜர் சுகமா என்று கேட்கிறார். பதில் எழுத எனக்குக் கை வரவில்லை.

நீங்கள் எனக்கு எழுத வேண்டியதில்லை.

க. குமாரசிங்கம்


786

பதுளை.
4.9.1969

கிளாக்கர் ஐயாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

நான் அவிழ்க்கவில்லை. அல்லாஹ் அறிய நான் அவிழ்க்கவில்லை. யார் என்று என்னைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். காட்டில் யாரும் இறக்கிவிடவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அந்த வாசலை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். மஹ்ரூப் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உங்களை வரவேற்க நிற்கிறார். உள்ளே எல்லாரும் சேர்ந்து சாப்பிட சஹன் வைத்து, உங்களுக்கு வேறாக மரக்கறிச் சோறும் சமைத்திருக்கிறார்கள். நீங்கள் சங்கிலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நாய்க்கு இருக்கிற நன்றிகூட உங்கட ஆக்களுக்கு இல்லை" என்று கத்தினீர்கள். என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். உங்கட ஆக்கள் என்றீர்களே, அதில் யார் யார் அடக்கம்? உங்கள் மனைவிக்குத் தலைவலி என்று வழியெல்லாம் தைலம் தடவிவந்த றஷீனாவும் அதில்தானே இருக்கிறாள்? அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு அந்தச் சோற்றை யாரும் தொடவில்லை.

இன்னொன்று. அவ்வளவு ஆசையான நாயைத் தேடி ஒரு துறைக்காவது நீங்கள் திரும்பிப் போகவில்லையே, ஏன்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருகோணமலை பஸ்ஸுக்குத்தானே நடந்தீர்கள்? மஹ்ரூப் என்னிடம் கேட்டார்: "அந்த மனுசன் நாயத் தேடாம எங்க போறாரு?" பதில் உங்களுக்குத் தெரிந்தால் நல்லது.

தாஸிம்


உ
சிவமயம்

லுணுகலை.
9.9.1969

தாஸிம் நானாவுக்கு,

அன்பின் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அதனால் வெறுமனே நானா என்று தொடங்குகிறேன்.

உங்கள் கடிதத்தைக் கமலாம்பிகைக்கு வாசித்துக் காட்டினேன். பார், எவ்வளவு சாமர்த்தியமாக எழுதியிருக்கிறான் என்று சொல்லத்தான் வாசித்தேன். "யார் என்று என்னைக் கேட்காதீர்கள்" என்ற இடம் வந்ததும் அவள் எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள். பின்னால் போனேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"நான்தான் அவிழ்த்தனான். கங்கைத்துறையில. நீங்கள் பாதைக்காரரோட கயிறு எத்தினை பாகம் நீளம் எண்டு கதைச்சுக்கொண்டு நிண்டனீங்கள். தேத்தண்ணிக் கடைப் பொன்னையாவிட்டக் குடுத்தனான், திரும்பி வரேக்க எடுக்கலாம் எண்டு."

ஏன் என்று கேட்டேன். வெருகலில் அன்று காலை மேஜர் றஷீனா தங்கச்சியின் தண்ணீர்ச் செம்புக்குள் வாய் வைத்ததாம். தங்கச்சி "பரவாயில்ல அக்கா" என்று சிரித்தாவாம். பிறகு மரத்துக்குப் பின்னால் போய் மண் போட்டுத் தேய்த்து ஏழு தடவை கழுவியதை இவள் கண்டிருக்கிறாள். கழுவிய பிறகும் மத்தியானம் வரைக்கும் தங்கச்சி அதில் தண்ணீர் குடிக்கவில்லையாம். "அந்தப் பிள்ளை ஒரு சொல்லும் சொல்லேல்லை. அதுதான் எனக்குத் தாங்கேலாமல் போச்சு. இனி அவவின்ர அக்கா வீட்டுக்குள்ளயும் நாயோட போய் நிக்கிறதே? உங்களிட்டச் சொன்னா விடுவியளே? வாசலில நீங்கள் கத்தின கத்தில என்ர வாய் அடைச்சுப் போச்சு" என்றாள்.

இதைக் கேட்டு நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? அவளைத் திட்டினேன். அரை மணித்தியாலம் திட்டினேன். பிறகுதான் நான் சொன்ன வார்த்தை யாருக்குச் சொன்னது, எங்கே நின்று சொன்னது என்று மண்டையில் ஏறியது. அதற்குப் பிறகு என்னால் நித்திரை கொள்ள முடியவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியும். தேடினால் நாய் கிடைத்துவிடலாம். கிடைத்தால் என் கோபத்துக்கு வேலையில்லாமல் போய்விடும். அந்த நேரத்தில் எனக்கு நாயைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. அந்த நாயைக் கொண்டுவந்ததுகூட அது பட்டினி கிடக்கும் என்று மட்டுமல்ல. கிண்ணியாவில் நாலு பேர் பார்க்க, துரையின் நாய் என் சொல்லுக்கு உட்காருவதைக் காட்ட ஆசைப்பட்டேன். நாற்பத்தேழு வயது எனக்கு.

அதோடு முடியவில்லை. தோட்டத்து உத்தியோகத்தர்கள் எல்லாருக்கும் நீங்கள்தான் நாயைத் தொலைத்தீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். லுணுகலைச் சந்தியில் நிஸாமின் கடையில் நின்றும் சொன்னேன், அவரும் "உங்கட ஆக்களில்" ஒருவர் என்பதை மறந்து. அவர் சீனியைச் சுற்றிக்கொண்டே கேட்டார். பொட்டலத்து நூலை மட்டும் இரண்டு தடவை சுற்றிக் கட்டினார்.

யார் செய்தது என்று தெரிந்தும் நீங்கள் வாய் திறக்கவில்லை. ஒரு பெண்ணின் மானத்தை அவள் புருஷனிடமிருந்தே காப்பாற்றியிருக்கிறீர்கள். உங்களைக் கும்பிட வேண்டும்.

நாளை லீவு கேட்கப்போகிறேன். தந்தால் கங்கைத்துறைக்குப் போவேன்.

குமாரசிங்கம்


786

பதுளை.
17.9.1969

அன்புள்ள கிளாக்கர் ஐயாவுக்கு,

என்னைக் கும்பிட வேண்டாம். முதலில் அதைத் தீர்த்துவிடுகிறேன்.

கமலாம்பிகை அக்கா மேஜரை அவிழ்த்துப் பொன்னையாவிடம் கொடுத்ததை நான் பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அக்காவின் மானத்துக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். உண்மையில் எனக்கு அப்பாடா என்றிருந்தது ஐயா. மஹ்ரூப் வாசலில் நாயோடு போய் இறங்க வேண்டுமே என்று வாழைச்சேனையிலிருந்தே ஒரு சாக்குத் தேடிக்கொண்டு வந்தேன். என் வேலையை இன்னொருத்தர் செய்து தந்தார், நான் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதைவிட மோசமானது இருக்கிறது. "றஷீனாவுக்கும் சம்மதம்" என்று ஜூலையில் எழுதினேன் அல்லவா? நான் அவளிடம் கேட்கவே இல்லை. நாய் வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது லுணுகலைச் சந்தியில் நீங்கள் சங்கிலியோடு நின்றபோதுதான். என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். உங்களுக்கு முன்னால் பெரிய மனசுக்காரனாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பெரிய மனசு எனக்கு, மண் போட்டுக் கழுவுகிற வேலை அவளுக்கு. திரும்பி வரும்போது பொன்னையாவின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு ஹபரணை றோட்டால் வந்தேன். நாயைத் தேடவில்லை என்று உங்களைக் குத்திக் கேட்டவன் நான்தான்.

உங்கள் கடிதத்தை றஷீனாவுக்கு வாசித்தேன். வெருகல் செம்பு வரும் இடத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். "அந்த அக்கா பாத்திட்டாங்களா?" என்றாள். அவளுக்கும் வெட்கம். அடுத்தநாள் விடிய எழுப்பிச் சோற்றுப் பார்சலைக் கையில் தந்தாள். "அக்கா அங்க அழுதுட்டு இருப்பாங்க. போய்க் கொண்டு வாங்க" என்றாள்.

லீவு கிடைத்தாலும் நீங்கள் போக வேண்டாம். போய்க் கொண்டு வந்துவிட்டேன்.

பொன்னையாவின் கடையில் மேஜர் ஒரு நாள்கூட இருக்கவில்லையாம். பாதை கரையை விடும்போதெல்லாம் தானும் ஏறி, மற்றக் கரைக்குப் போய், திரும்பி வருமாம். ஒவ்வொரு வானின் பின்கதவிலும் போய் மோந்து பார்க்குமாம். பாதைக்காரர்கள், "துரை வாறார், டிக்கட்டக் காட்டுங்கோ" என்று பகிடி பண்ணிக்கொண்டு சோறு போட்டிருக்கிறார்கள். நான் போனபோது அக்கரையிலிருந்து வந்துகொண்டிருந்தது. மெலிந்திருந்தது. "வா மேஜர், வா" என்றேன். யாரோ என்று பார்த்தது. பிறகு என் பஜார் இங்கிலீஷில், "கம் ஹியர் மேஜர், பிளீஸ்" என்றேன். ஓடிவந்து கையெல்லாம் நக்கிவிட்டது. கங்கையில் இறங்கி மண் தேய்த்து ஏழு தடவை கழுவினேன். இறால்குழியில் மறுபடி நக்கியது, மறுபடி ஏழு. வெருகலிலும் அப்படியே. நீங்கள் தேர்ந்தெடுத்த வழி நல்ல வழிதான், தண்ணீருக்குக் குறைவில்லை.

இப்போது கடைக்குப் பின்னால் கட்டியிருக்கிறது. வானில் ஏற்றிக்கொண்டு வந்து தர நினைத்தேன். றஷீனா விடவில்லை. "நீங்க கொண்டு போய்க் குடுக்க வேணாம். அவர் வந்து கூட்டிட்டுப் போகட்டும்" என்கிறாள். பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும்.

தாஸிம்


உ
சிவமயம்

லுணுகலை.
21.9.1969

அன்பின் தாஸிம் நானாவுக்கு,

பௌர்ணமிப் போயா அன்று முதல் பஸ்ஸில் நானும் கமலாம்பிகையும் வருகிறோம். அவள் தங்கச்சியோடு இருக்கட்டும். நான் மேஜரோடு நடந்து திரும்புவேன். வானைக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

நிஸாமிடம் போய் உண்மையைச் சொன்னேன். "சரி ஐயா" என்றார், அவ்வளவுதான். துரைக்கும் எழுதினேன், மேஜர் சுகம், அதைத் தொலைத்தவன் நான், கண்டுபிடித்தவர் என் நண்பர் என்று. நண்பர் என்று எழுதியதற்கு உங்களிடம் அனுமதி கேட்கவில்லை.

தங்கச்சியிடம் சொல்லுங்கள், என்னை உள்ளே கூப்பிட வேண்டாம். அன்று வாசலில் நின்று சொன்னதற்கு வாசலில் நின்றுதான் மன்னிப்புக் கேட்க வேண்டும். வீதியில் போகிறவர்கள் கேட்டால் கேட்கட்டும். மஹ்ரூப் வாசலுக்கும் ஒரு நாள் போவேன்.

குமாரசிங்கம்


786

பதுளை.
29.9.1969

அன்புள்ள கிளாக்கர் ஐயாவுக்கு,

கால் வீக்கம் வற்றியதா? பசறைச் சந்தியில் அக்காவோடு வானில் வந்து உங்களைப் பிடித்தபோது நீங்கள் நடந்துவந்த நடையைப் பார்த்து மேஜருக்கே இரக்கமாக இருந்தது. முன்னால் அக்கா பக்கத்தில் இடம் இருந்தும் பின்னால் அந்த வளையத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். நானும் வற்புறுத்தவில்லை.

எழுதி வைத்து வாசிப்பீர்கள் என்று நினைத்திருந்தேன். நீங்கள் வாசலில் நின்று, சொன்ன வார்த்தையை ஒரு எழுத்துக் குறையாமல் திருப்பிச் சொல்லி, அதைச் சொன்னவன் நான் என்று சொன்னது, எதிர்க்கடைக்காரர் வரைக்கும் கேட்டது. றஷீனா திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வரவில்லை. அக்காவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனவள், உங்களுக்கு ஒரு பிளேன்டிகூட அனுப்பவில்லை. அது மறதி இல்லை ஐயா. பன்னிரண்டு வருஷத்தில் என் வீட்டு வாசலில் நீங்கள் ஒன்றும் குடிக்காமல் இருந்தது அன்றைக்குத்தான். என் ஜூலைப் பொய்க்கு எனக்கும் ஒரு வாரம் அவள் கையால் பிளேன்டி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்களை விட்டுவிட்டு வந்த அன்று, மேஜர் தண்ணீர் குடித்த மண்சட்டியை எறிந்துவிடவா என்று அவளிடம் கேட்டேன். வேண்டாம் என்றாள். அதைக் கழுவிப் பின்மதிலில் கவிழ்த்து வைத்தாள்.

"எதுக்கு?" என்றேன்.

"திரும்ப வந்தா வேணுமே."

"அப்ப கிளாக்கர் ஐயாவுக்கு?"

சட்டி விழாதபடி நேராக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "மேஜர் என்ன தப்புப் பண்ணிச்சு? அதுக்குச் சட்டி வெச்சிருக்கேன். அவருக்குக் கோப்பை எடுக்க எனக்கு இன்னும் மனசு வரல்ல."

இன்னும் என்றுதான் சொன்னாள். நான் கவனமாகக் கேட்டேன்.

ஆகவே வாருங்கள். வருகிற போயாவுக்கும் வாருங்கள், அதற்கு அடுத்த போயாவுக்கும் வாருங்கள். நானே வானோடு லுணுகலைச் சந்திக்கு வந்து ஏற்றிக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று, மேஜரைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். தனியாக வந்தால் உங்களுக்குத் தண்ணீர் கிடைக்கும் என்று இப்போதைக்கு நான் பொறுப்பேற்க முடியாது.

அன்புடன்,
தாஸிம்